முனையக் கோப்பும் அதன் காலக் குறிப்பும்

நிகழ்ந்தது எது என்று ஆராயப் புகுவோர் முதற்கண் தேடுவது, அது நிகழ்ந்த காலத்தையே. கல்வெட்டைப் படிப்பவர் அரசனது ஆட்சியாண்டைத் தேடுவர். கடிதத்தைப் பெற்றவர் அஞ்சலகத்து முத்திரையை நோக்குவர். பழைய நூலைத் திறப்பவர் பதிப்பாண்டைக் காண விழைவர். கணிப்பொறியைப் பயில்வோரும் இவ்வழக்கத்திற்கு விலக்கல்லர். கோப்பு ஒவ்வொன்றன்மேலும் பொறி தானே பொறித்து வைக்கும் காலக் குறிப்பை அவர்கள் சான்றாகக் கொள்வர். அச்சான்று பெரும்பாலும் மெய்யே உரைக்கும். ஆயினும் ஒருவகைக் கோப்புகளின் காலக் குறிப்பு மட்டும் காண்போரைத் திகைக்கச் செய்கின்றது. அவை முனையக் கோப்புகள். ஒருவர் தாம் ஒன்றும் எழுதவில்லை என்று எண்ணியிருக்க, எழுதப்பட்ட காலம் புதிதாகின்றது. விசைப்பலகையை ஓயாது தட்டிக்கொண்டிருக்க, காலம் நகராது நிற்கின்றது. சில வேளைகளில் இன்னும் வாராத நேரத்தையும் அவை காட்டுகின்றன. இவற்றைக் கண்டோர் தம் பொறியிற் கள்வர் புகுந்தனரோ என்று அஞ்சுதலும், உடன் பயில்வோர்மேல் ஐயங்கொள்ளுதலும் கூடும். இக்குறிப்புகள் எதனைக் கூறுகின்றன, எதனை வேண்டுமென்றே கூறாது விடுகின்றன என்பவற்றை லினக்ஸ் என்னும் இயங்குதளத்தைக் கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முனையம் என்பது யாது? கணிப்பொறிகள் ஓர் அறை முழுதையும் நிறைத்து நின்ற காலத்தில், ஒரே பொறியைப் பலர் ஒருங்கே பயன்படுத்துதற்பொருட்டு ஒவ்வொருவர்க்கும் ஒரு தட்டச்சுக் கருவி கம்பியால் இணைத்துத் தரப்பட்டது. தந்திப் பணியில் வழங்கிய டெலிடைப் என்பதே அக்கருவி. அதில் ஒருவர் தட்டியது கம்பிவழியே பொறிக்குச் செல்லும். பொறியின் மறுமொழி அதே கருவியிற் காகிதத்தின்மேல் அச்சாகி வரும். 1963இல் வெளிவந்த டெலிடைப் 33 என்னும் வகை இவற்றுட் பெயர் பெற்றது. 1969இல் அமெரிக்க நாட்டின் நியூ ஜெர்சி மாநிலத்து மரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். அவர்தம் காலத்து முனையம் இத்தகைய டெலிடைப்பே. அதன் பெயரின் சுருக்கமாகிய டி.டி.ஒய். என்பது, கருவி வழக்கொழிந்த பின்னும், முனையக் கோப்புகளின் பெயராய் இன்றுவரை நிலைத்து நிற்கின்றது.

யூனிக்ஸை அமைத்தோர் கைக்கொண்ட கொள்கை ஒன்றுண்டு. சேமித்து வைக்கப்படும் எழுத்தையும் எண்ணையும் மட்டுமன்றி, அச்சுப்பொறி, வட்டு, முனையம் முதலிய சாதனங்களையும் அவர்கள் கோப்பு என்னும் பெயராலேயே வழங்கி, அனைத்தையும் ஒரே முறையால் திறக்கவும் வாசிக்கவும் எழுதவும் இடஞ்செய்தனர். இலக்கணம் பயில்வோர் இதனை ஓர் ஆகுபெயர் எனக் கொள்ளலாம். மெய்யான கோப்பு, இட்டதைக் காத்துவைக்கும் பெட்டி போல்வது. முனையக் கோப்போ பலகணி போல்வது. அதன் வழியே சொற்கள் செல்லும், வரும். ஒன்றும் அதனுள் நிலைத்துத் தங்குவதில்லை. பெயர் ஒன்றானமையின் இரண்டற்கும் காலக் குறிப்பும் ஒரே வடிவில் அமைந்துவிட்டது. பெட்டிக்கு வகுத்த குறிப்பைப் பலகணிக்கும் பொருத்தினமையே நாம் காணவிருக்கும் திகைப்புகள் பலவற்றிற்கு வித்தாம்.

யூனிக்ஸின் நெறியைப் பின்பற்றி 1991இல் தோன்றியது லினக்ஸ். அதனைத் தொடங்கியவர், அப்போது ஃபின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லீனஸ் டோர்வால்ட்ஸ். பல்கலைக்கழகத்துக் கணிப்பொறியை அணுகுதற்பொருட்டு அவர் தமக்கென எழுதிக்கொண்ட முனைய நிரலே படிப்படியாய் வளர்ந்து இயங்குதளமாயிற்று என்பது மாணவர் நினைக்கத்தக்கது. இன்று டெலிடைப் இல்லை. திரையில் தோன்றும் ஒரு சாளரமே முனையமாய் நடிக்கின்றது. இதனைப் போலி முனையம் என்பர். இதற்கு இரு தலைகள் உண்டு. சாளரத்தின் பக்கத்துத் தலை, 'பி.டி.எம்.எக்ஸ்.' என்னும் பொதுக் கோப்பின் வழியே திறக்கப்படும். நிரல்களின் பக்கத்துத் தலை, 'டெவ்' என்னும் அடைவினுள் 'பி.டி.எஸ்.' என்னும் உள்ளடைவில், 0, 1, 2 என்னும் எண்களுள் ஒன்றைப் பெயராகக் கொண்டு தோன்றும். சாளரத்தைத் திறந்தால் அக்கோப்புப் பிறக்கும், மூடினால் மறையும். அது வட்டில் எழுதப்படுவதன்று. நினைவகத்தில் மட்டும் வாழ்வது.

இவற்றோடு 'டி.டி.ஒய்.' என்றே பெயர்கொண்ட மற்றொரு கோப்பும் அவ்வடைவில் உண்டு. அதனைத் திறக்கும் நிரல் எந்த முனையத்தினின்று ஏவப்பட்டதோ, அந்த முனையமே அந்நிரலுக்குக் கிடைக்கும். பி.டி.எஸ். 3 என்பது இயற்பெயர் போன்றது. யார் சொன்னாலும் ஒரே பொருளைச் சுட்டும். டி.டி.ஒய். என்பதோ 'தான்' என்னும் பெயரை ஒத்தது. கண்ணன் தான் வருவதாகச் சொன்னான் என்றால் கண்ணனையும், வள்ளி தான் வருவதாகச் சொன்னாள் என்றால் வள்ளியையும் அது குறித்தல் போல, ஏவிய நிரலுக்கேற்ப இக்கோப்புச் சுட்டும் பொருள் மாறும். இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்க, பின்னர் வேண்டப்படும்.

இனி, காலக் குறிப்புக்கு வருவோம். தமிழில் வினைக்குரிய காலம் மூன்று. இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்பன. யூனிக்ஸ் கோப்பிற்கும் காலம் மூன்று. ஆயின் மூன்றும் இறந்தகாலமே. கடைசியாக வாசிக்கப்பட்ட காலம் ஒன்று. கடைசியாக எழுதப்பட்ட காலம் ஒன்று. கோப்பின் உரிமை, அனுமதி முதலிய நிலைமைகள் கடைசியாக மாறிய காலம் ஒன்று. இவற்றை முறையே வாசிப்புக் காலம், எழுத்துக் காலம், நிலைமாற்றக் காலம் என வழங்குவோம். மூன்றும், 1970 ஜனவரி 1ஆம் நாள் கிரீன்விச் நள்ளிரவு முதல் கழிந்த விநாடிகளின் தொகையாகப் பொறியினுள் வைக்கப்படும். 'எல்.எஸ்.' என்னும் கட்டளையின் விரிந்த விடை எழுத்துக் காலத்தைக் காட்டும். 'ஸ்டாட்' என்னும் கட்டளை மூன்றையும், விநாடியை நூறு கோடிக் கூறாக்கிய நுண்மை வரையிற் காட்டும்.

ஒருவர் தம் முனையக் கோப்பின் காலத்தை அறிய 'எல்.எஸ்.' கட்டளையை இடுகின்றார் என்க. ஏறக்குறைய அக்கணத்து நேரமே எழுத்துக் காலமாய் விடையில் வருகின்றது. யான் யாதொன்றும் எழுதவில்லையே என்று அவர் வியக்கின்றார். அவர் எழுதாவிடினும் நிரல்கள் எழுதின. கட்டளைக்காகக் காத்திருப்பதைக் காட்டும் குறியை இட்டதும், அவர் தட்டிய எழுத்துக்களைத் திரையில் எதிரொலித்ததும் முனையக் கோப்பின்மேல் நிகழ்ந்த எழுத்துக்களே. வினாவைக் கேட்கும் செயலே விடையை மாற்றிவிடுகின்றது. குளத்தின் தெளிவைக் காணக் காலை வைத்தவன் கலங்கிய நீரைக் கண்டது போலாம் இது.

மற்றொரு திகைப்பு, திசை மாறாட்டத்தால் விளைவது. மாணவர் ஒருவர் விசைப்பலகையில் தட்டும்போது, எழுதுகின்றோம் என்றே எண்ணுவர்; ஆதலின் எழுத்துக் காலமே மாறவேண்டும் என்று எதிர்பார்ப்பர். ஆயின் குறிப்பைப் பொறிப்பது பொறி. அது தன் பக்கத்தினின்றே எண்ணும். மனிதன் எழுதுவதைப் பொறி வாசிக்கின்றது. பொறி எழுதுவதை மனிதன் வாசிக்கின்றான். எனவே, நாம் தட்டியதை நிரல் ஏற்றுக்கொண்டதைக் காட்டுவது வாசிப்புக் காலம். நிரல் நமக்கு விடை தந்ததைக் காட்டுவது எழுத்துக் காலம். இரவு முழுதும் ஒரு நீண்ட கணக்கை ஓடவிட்டு ஒருவர் உறங்கச் சென்றால், விடைகள் திரையில் வந்துகொண்டிருக்கும் வரையில் எழுத்துக் காலம் புதிதாகிக்கொண்டே இருக்கும். வாசிப்புக் காலமோ அவர் கடைசியாகத் தட்டிய இடத்திலேயே நிற்கும். இரண்டையும் ஒப்புநோக்கினால், பொறி உழைக்கின்றது, மனிதர் அருகில் இல்லை என்பது புலனாகும்.

மெய்யான கோப்புகளைப் பார்த்துப் பழகியவர்க்கு இவ்விடத்தில் இன்னுமொரு தடை உண்டு. வாசிக்குந்தோறும் வட்டில் காலத்தைத் திருத்தி எழுதுதல் வீண் உழைப்பாதலின், 2009இல் வெளிவந்த லினக்ஸ் 2.6.30 முதல், சாதாரணக் கோப்புகளின் வாசிப்புக் காலம் ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கப்படுவதில்லை. முன்னைய வாசிப்புக் காலம் எழுத்துக் காலத்திற்கு முற்பட்டதாயினும், ஒரு நாளுக்கு மேற்பட்ட பழமையுடையதாயினுமே அது புதுப்பிக்கப்படும். முனையக் கோப்புகள் இவ்விதிக்கு உட்பட்டன அல்ல. அவற்றின் காலத்தை, முனையங்களை ஆளும் கெர்னல் பகுதி தனக்கென வகுத்த விதியின்படி தானே பொறிக்கின்றது. ஓரிடத்துக் கற்ற விதியை மற்றோரிடத்துப் பொருத்துவோர் இங்கு வழிதவறுவர்.

நிற்க. ஒன்றையும் தன்னுள் வையாத பலகணிக்குக் காலக் குறிப்பு எதற்கு என்று சிலர் வினவலாம். அது கோப்பைப் பற்றிய செய்தியாக நில்லாமல், அதன் முன் அமர்ந்திருக்கும் மனிதரைப் பற்றிய செய்தியாய்ப் பயன்பட்டது என்பதே விடை. பலர் கூடி ஒரே பொறியில் பணியாற்றிய காலத்தில், நண்பர் இப்போது தம் முனையத்தில் இருக்கின்றாரா, எழுந்து சென்றுவிட்டாரா என்பதை அறிதல் இன்றியமையாததாயிருந்தது. 1971இல் ஸ்டான்ஃபோர்டு செயற்கை அறிவு ஆய்வகத்தில் லெஸ் எர்னெஸ்ட் என்பவர் 'ஃபிங்கர்' என்னும் நிரலை எழுதியது இவ்வேட்கையினாலேயே. யார் யார் பொறியில் உள்ளனர் என்பதோடு, ஒவ்வொருவரும் எவ்வளவு நேரமாக ஓய்ந்திருக்கின்றனர் என்பதையும் அது உரைத்தது. யூனிக்ஸ் மரபில் 'டபிள்யூ' என்னும் ஓரெழுத்துக் கட்டளை அப்பணியைச் செய்கின்றது. அது ஓய்வு நேரத்தைக் கணக்கிடுவது முனையக் கோப்பின் வாசிப்புக் காலத்தைக் கொண்டே. 'ரைட்' என்னும் கட்டளையால் ஒருவர்க்குச் செய்தி விடுக்குங்கால், அவர் பல முனையங்களைத் திறந்து வைத்திருப்பின், மிகக் குறைவாக ஓய்ந்திருக்கும் முனையமே தேர்ந்துகொள்ளப்படும். இங்ஙனம், வாசற்படியில் கிடக்கும் காலணி வீட்டில் ஆள் இருத்தலைக் காட்டுவது போல, முனையத்தின் காலக் குறிப்பு மனிதரின் இருப்பைக் காட்டும் அடையாளமாயிற்று.

ஆயின், இருப்பை அறிவிப்பது எதுவும் ஓரளவு மறைவையும் குலைக்கும். காலணி, ஆள் உளர் என்ற அளவோடு நிற்கும். முனையத்தின் காலக் குறிப்போ, உரிய அளவினும் நுண்ணிதாய் இருந்தால், ஒவ்வொரு விசையும் தட்டப்பட்ட கணத்தையே பிறர்க்குச் சொல்லிவிடும். அதனால் தீங்கு என்னை எனின், கூறுவோம். நம் விரல்கள் எல்லா எழுத்துக்களையும் ஒரே விரைவில் தட்டுவதில்லை. இரு கைகளால் மாறி மாறித் தட்டும் எழுத்துக்கள் விரைந்து வரும். ஒரே விரலால் அடுத்தடுத்துத் தட்டுபவை சிறிது தாழ்த்து வரும். 2001இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் பெர்க்லியைச் சேர்ந்த டான் சாங், டேவிட் வாக்னர் முதலியோர், வலைவழியே மறைபொருளாக்கிச் செல்லும் தட்டல்களின் இடைவெளிகளை மட்டும் கொண்டு கடவுச்சொல்லைத் தேடும் உழைப்பை ஏறக்குறைய 50இல் ஒரு பங்காகக் குறைக்கலாம் என்று காட்டினர். எழுத்து ஒன்றும் வெளிப்படாதிருக்கவும், தட்டிய தாளமே களவுக்குத் துணையாகின்றது.

லினக்ஸில் இவ்வழி பலர்க்கும் திறந்தே கிடந்தது. முன்னர்க் கூறிய பி.டி.எம்.எக்ஸ். என்னும் பொதுக் கோப்பை நினைவு கூர்க. சாளரத்தில் தட்டப்படும் விசை ஒவ்வொன்றும் அதன் வழியே எழுதப்பட்டு உட்செல்லும். கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் ஒன்றும் தோன்றாவிடினும், எழுதுதல் என்னும் செயல் நிகழ்ந்தே தீரும். எழுதுந்தோறும் அக்கோப்பின் காலம் மாறியது. கோப்புகளில் நிகழும் மாற்றங்களை நிரல்களுக்கு அறிவிக்கும் வசதி ஒன்றும் லினக்ஸில் உண்டு. அதே பொறியில் கணக்கு வைத்திருக்கும் வேறொருவர் அவ்வசதியை அப்பொதுக் கோப்பின்மேல் ஏவிவிட்டால், அயலார் தட்டும் ஒவ்வொரு விசைக்கும் ஓர் அறிவிப்பு வந்து சேரும். அறிவிப்புகளை எண்ணினால் கடவுச்சொல்லின் நீளமும், இடைவெளிகளை அளந்தால் அதன் தாளமும் கைக்குள் வந்துவிடும். இக்குறை சி.வி.இ. 2013-0160 என்னும் எண்ணால் பதிவு செய்யப்பட்டது.

அதனைத் தீர்க்கச் செய்த முயற்சிகள் மூன்று. அவை அனைத்தும் 2013ஆம் ஆண்டின் முற்பகுதியிலேயே நிகழ்ந்தன. முதலாவதாக, ஜிரி ஸ்லாபி என்பவர், முனையத்தில் வாசித்தாலும் எழுதினாலும் காலக் குறிப்பை மாற்றவே வேண்டா என்று கெர்னலைத் திருத்தினார். மறைவு காக்கப்பட்டது, ஆயின் இருப்பு அழிந்தது. முனையத்தின் முன் முனைந்து பணியாற்றுவோரையும் 'டபிள்யூ' கட்டளை மணிக்கணக்காய் ஓய்ந்திருப்பவராகக் காட்டலாயிற்று. இரண்டாவதாக, ஏறக்குறைய ஒரு நிமிடத்திற்கு ஒருமுறை மட்டும் காலத்தைப் புதுப்பிக்குமாறு செய்தனர். அதுவும் நிறைவு தரவில்லை. ஓய்ந்திருந்தவர் மீண்டும் தம் இடத்தில் வந்தமர்ந்தாரா என்பதை அறிய ஒரு நிமிடம் நெடிது. அன்றியும், பொதுக் கோப்பில் அறிவிப்புப் பெறும் வழி இன்னும் அடைபடாதிருந்தது. மூன்றாவதாக, லீனஸ் டோர்வால்ட்ஸ் தாமே அதனைத் திருத்தினார். பொதுக் கோப்பின்மேல் யாரும் மாற்ற அறிவிப்புப் பெறலாகாது என்று தடுத்தார். ஒரு நிமிட இடைவெளியை 8 விநாடியாகக் குறைத்தார். தனித்தனி விசைகளை அளக்க 8 விநாடி மிகப் பருமனானது; ஒருவர் இருக்கின்றாரா என்பதை அறியவோ அது போதிய நுண்மையுடையது. பிற்காலத்துக் கெர்னல்களும் இவ்வளவையே பின்பற்றி வந்துள்ளன.

இந்த 8 விநாடி செயற்படும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். விநாடிகளின் தொகையை எட்டெட்டாகப் பிரித்துக் கட்டுகளாக்குக. 1000 முதல் 1007 வரை ஒரு கட்டு. 1008 முதல் 1015 வரை அடுத்த கட்டு. பொறிக்கப்பட்டுள்ள நேரமும் இப்போதைய நேரமும் ஒரே கட்டிற்குள் அடங்கினால் கெர்னல் வாளாவிருக்கும். வேறு வேறு கட்டினவாயின் இப்போதைய விநாடியைப் பொறிக்கும். ஒருவர் 1003, 1005, 1007 ஆகிய விநாடிகளில் தட்டினால் குறிப்பு 1003இலேயே நிற்கும். அடுத்து 1008இல் தட்டினால் உடனே 1008 ஆகும். ஆகவே, தட்டியும் காலம் நகரவில்லை என்று ஒரு வேளையிலும், ஒரே விநாடியில் நகர்ந்துவிட்டது என்று மற்றொரு வேளையிலும் காண்போர்க்குத் தோன்றும். இரண்டும் ஒரே விதியின் விளைவே. காட்டும் நேரம் மெய்ந்நேரத்திற்கு 7 விநாடி வரையிற் பிந்தி நிற்கலாம்.

நுணுகி நோக்குவோர்க்கு மற்றுமொரு புதுமை தென்படும். மேற்கூறிய விதி விநாடியின் முழு எண்ணை மட்டுமே மாற்றும். அதன் கீழுள்ள பின்னத்தைத் தொடுவதில்லை. எனவே 'ஸ்டாட்' கட்டளை காட்டும் ஒன்பது இலக்கப் பின்னம், காலையில் எதுவோ மாலையிலும் அதுவாகவே இருக்கும். அது அக்கோப்புப் பிறந்த கணத்தின் பின்னம். வாசிப்புக் காலத்திற்கும் எழுத்துக் காலத்திற்கும் ஒரே பின்னம் அமைந்திருப்பதைக் கண்டு, யாரோ பொய்க்காலம் புனைந்து வைத்தனர் என்று முடிவு செய்தல் ஆகாது. விசைகளின் தாளம் வெளிப்படாதிருக்குமாறு மழுக்கப்பட்ட கடிகாரத்தின் இயல்பே அது.

இனி, 'தான்' என்னும் பெயரை ஒத்த டி.டி.ஒய். கோப்பிற்கு வருவோம். ஒரு நிரல் தன் முனையத்தை இயற்பெயரால் திறவாது இப்பொதுப் பெயரால் திறந்து வாசித்தால், பழைய கெர்னல்களில் டி.டி.ஒய். என்னும் கோப்பின் காலமே மாறியது, பி.டி.எஸ். 3 என்னும் கோப்பின் காலம் மாறவில்லை. முனையம் ஒன்றே, பெயர் இரண்டு; குறிப்பு ஒரு பெயரின்கீழ் மட்டும் எழுதப்பட்டது. பிறர் நோக்குவதோ இயற்பெயரின்கீழ் உள்ள குறிப்பை. நெடுநேரம் ஓய்ந்திருப்போரின் அமர்வைத் தானே முடித்துவிடுமாறு, 'சிஸ்டம்டி-லாகின்டி' என்னும் நிரலைப் பொறியின் காப்பாளர் விரும்பினால் அமைத்துக்கொள்ளலாம். அதுவும் முனையத்தின் வாசிப்புக் காலத்தையே நோக்குகின்றது. ஆகவே, ஒருவர் முனைந்து பணியாற்றிக்கொண்டிருக்கும்போதே ஓய்ந்தவராகக் கருதப்பட்டு வெளியேற்றப்படும் நிலை நேரக்கூடியதாயிற்று. 2023இல் இது திருத்தப்பட்டது. அதன்பின், எப்பெயரால் அணுகினும், அம்முனையத்திற்குத் திறந்திருக்கும் எல்லாச் சாதனக் கோப்புகளின் காலமும் ஒருங்கே புதுப்பிக்கப்படுகின்றது. இதனால் பொதுப் பெயருடைய டி.டி.ஒய். கோப்பின் காலத்தைக் கொண்டு எந்த ஒரு மனிதரையும் பற்றி முடிவு செய்தல் கூடாது என்பதும் பெறப்படும். யார் யாரோ தம்மைத் தாம் சுட்டிய சுவடெல்லாம் அதன்மேல் விழுந்திருக்கும்.

இன்னும் வாராத நேரத்தைக் காட்டுதல் எங்ஙனம் என்பதே எஞ்சிய வினா. போலி முனையங்களையன்றி, பொறி தொடங்கும்போதே டி.டி.ஒய். 1 முதலாகப் படைக்கப்படும் முனையங்களும் உண்டு. அவை பிறக்குங்கால் பொறியின் கடிகாரம் இன்னும் சரிசெய்யப்படாதிருக்கலாம். விண்டோஸும் லினக்ஸும் ஒருங்கே வைக்கப்பட்ட பொறியில், உட்கடிகாரம் இந்திய நேரத்தைக் காட்ட, கெர்னல் அதனைக் கிரீன்விச் நேரமென்று கொண்டுவிட்டால், 5 மணி 30 நிமிடம் மிகையாய்க் கூடிவிடும். காலை பத்து மணிக்குத் தொடங்கிய பொறியின் முனையக் கோப்பு, பிற்பகல் மூன்றரை மணியைத் தன் பிறந்த நேரமாகக் காட்டக்கூடும். மின்கலத்தோடு கூடிய கடிகாரமே இல்லாத சிறு பொறிகளிலோ, கணக்கின் தொடக்கமாகிய 1970 ஜனவரி 1ஆம் நாள் காலை ஐந்தரை மணி தோன்றக்கூடும். கிரீன்விச் நள்ளிரவு நமக்கு அதுவேயன்றோ? பின்னர் வலைவழியே நேரம் சரியானாலும், முன்பு பொறித்த குறிப்பு, அம்முனையத்தை யாரேனும் பயன்படுத்தும் வரையில், அவ்வாறே நிற்கும்.

இதுகாறும் கூறியவற்றால், முனையக் கோப்பின் காலத்தைப் படிப்போர் கைக்கொள்ள வேண்டிய நெறி விளங்கும். வாசிப்புக் காலத்தை மனிதரின் தட்டலுக்கும், எழுத்துக் காலத்தைப் பொறியின் விடைக்கும், நிலைமாற்றக் காலத்தை உரிமை அனுமதிகளின் மாற்றத்திற்கும் உரியனவாகப் பிரித்து நோக்குக. பிறர் செய்தி அனுப்புவதைத் தடுத்தோ இசைந்தோ ஒரு கட்டளையை இட்டாலும் நிலைமாற்றக் காலம் மாறும் என்பதை மறவற்க. எட்டு விநாடிக்கு உட்பட்ட வேறுபாட்டைக் கொண்டு யாதொரு முடிவும் செய்யற்க. பொறி தொடங்கிய வேளையில் நேரம் சரியாயிருந்ததா என்பதைத் தனியே உசாவுக. மேலும், தம் முனையக் கோப்பிற்குத் தாமே உரியவராதலின், 'டச்' என்னும் கட்டளையால் ஒருவர் அதன் வாசிப்புக் காலத்தையும் எழுத்துக் காலத்தையும் விரும்பியவாறு மாற்றிவிடலாம். நிலைமாற்றக் காலத்தை அங்ஙனம் விரும்பியவாறு வைக்க அக்கட்டளைக்கு ஆற்றல் இல்லை. மாற்றிய கணமே அதில் தானாகப் பதிந்துவிடும். ஆகவே, ஆய்வுக்கூடத்தில் இன்னார் இன்ன நேரத்தில் இருந்தார், இன்ன செயலைச் செய்தார் என்று ஒரு மாணவர்மேல் குற்றஞ் சாட்டுவதற்கு முனையத்தின் காலக் குறிப்பு ஒன்றே போதுமான சான்றாகாது. வேறு பதிவுகளோடு ஒத்து வந்தால் மட்டுமே அது துணைச்சான்றாய் நிற்கும்.

கருவி ஒன்று நுண்மையாய் அளக்கவில்லை என்றால் அதனைக் குறையுடையது என்று தள்ளுதல் நம் இயல்பு. முனையத்தின் கடிகாரமோ நுண்மையாய் அளக்க வல்லதாயிருந்தும், அளவோடு நிற்குமாறு அறிந்து அமைக்கப்பட்டது. உடன் பணியாற்றுவோர் இருக்கின்றாரா என்பதை அறியும் உரிமை நமக்கு உண்டு. அவர் விரல் எப்போது எவ்விசையைத் தொட்டது என்பதை அறியும் உரிமை நமக்கு இல்லை. இவ்விரண்டற்கும் இடையே எங்கே கோடு கிழிப்பது என்று தேடியே 2013இல் மூன்று முறை அக்கடிகாரம் திருத்தப்பட்டது. அடுத்த முறை தம் முனையக் கோப்பின் காலம் எதிர்பாராத எண்ணைக் காட்டக் காணும் நண்பர், அஞ்சுதற்கும் அயலாரை ஐயுறுதற்கும் முன்னர், அவ்வெண்ணை எட்டெட்டாய் ஒருமுறை கட்டிப் பார்ப்பாராக.